வாக்கெண்ணும் நாளும் பந்தி இலையும்



தேர்தல் முடிவை எதிர்நோக்கி நண்பரோடு கூடியிருக்கும் நாளில் நம் உள்ளம் படும் பாட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். இது தம்மத்திற்குப் புறம்பான பேச்சு என எவரும் கருதவேண்டா. பகவன் புத்தர் உழவனுக்கு ஏரைக் கொண்டும், சோணருக்கு வீணை நரம்பைக் கொண்டும் அறம் உரைத்தவர். நம் காலத்தவருக்கு வாக்குப் பெட்டியைக் கொண்டு உரைப்பதில் தவறில்லை.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அந்நகரத்தார் வாக்களித்த நாள் ஏப்ரல் 26. வாக்குகள் எண்ணப்பெற்ற நாள் ஜூன் 4. காங்கிரஸின் சசி தரூர், பாரதிய ஜனதாவின் இராஜீவ் சந்திரசேகர், இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பன்னியன் இரவீந்திரன் ஆகிய மூவரிடையே போட்டி. எண்ணத் தொடங்கியபின் முன்னிலை ஒருவரிடம் நில்லாமல் கைமாறியது. முடிவில் தரூர் 16,077 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். பத்தாண்டுகளுக்கு முன், 2014இலும் அதே தொகுதியில் ஓ. இராஜகோபாலை அவர் வென்றது 15,470 வாக்குகளால்தான். இவ்வளவு நெருங்கிய போட்டியில் காத்திருப்போர் நெஞ்சு துடித்ததில் வியப்பில்லை.

அந்நாளில் சாலைக் கடைத்தெருவை அடுத்த ஒரு வீட்டை மனக்கண்ணால் காணுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வணிகம் செய்யும் தெரு அது. காலை எட்டு மணிக்கே நண்பர் அறுவர், எழுவர் கூடிவிடுகின்றனர். ஒருவர் பழம்பொரி வாங்கி வருகிறார். ஒருவர் வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வருகின்றன. கட்டன் சாயா ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அந்நகருக்கே உரிய போளியும் பால்பாயசமும் நண்பகலுக்கென ஆயத்தமாகின்றன. கூடியவரெல்லாம் ஒரே கட்சியினர் அல்லர். முதற்சுற்றுக்கு முன்பு வரை சிரிப்பும் கேலியும் நிறைந்திருந்த அறையில், மூன்றாம் சுற்று வந்ததும் பேச்சு குறைகிறது. வாயிலிட்ட பண்டத்தின் சுவை ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். பாயசம் இறக்கியாயிற்று, ஆனால் 'முடிவு வரட்டும்' என்று எவரும் இலை போடவில்லை.

இங்கே நிகழ்ந்தது என்ன? பன்னிரு நிதானங்களுக்குச் சாத்தனார் மணிமேகலையில் வழங்கிய தமிழ்ப் பெயர்களை நினைவிற்கொண்டால் போதும். திரையில் தோன்றிய எண் கண்ணைத் தொட்டது ஊறு. அதனால் எழுந்த இனிமையோ கசப்போ நுகர்வு. இன்னும் வேண்டும், இது வேண்டா என்னும் தவிப்பு வேட்கை. 'நான் வெல்கிறேன், நான் தோற்கிறேன்' என்று பிறர் ஒருவரின் வெற்றியைத் தன் உடம்பாகவே கொண்டுவிடுவது பற்று. நான்கு கண்ணிகளும் ஒரு மிடறு தேநீருக்குள் கோக்கப்பட்டுவிடுகின்றன. மற்றைய நாட்களில் நம்மால் காணவியலாத விரைவில் ஓடும் இச்சங்கிலியை, வாக்கெண்ணும் நாள் சுற்றுக்குச் சுற்று நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறது. தியானம் பழகுவோருக்கு இதனினும் நல்ல பாடசாலை கிடைப்பது அரிது என்பேன்.

இன்னொன்றையும் நோக்குங்கள். ஏப்ரல் 26க்கும் ஜூன் 4க்கும் இடையே 39 நாட்கள். அத்தனை நாளும் முடிவு முத்திரையிட்ட பொறிகளுக்குள் இருந்தது. செய்கை விரல் நுனியில் முடிந்துவிட்டது. அறைக்குள் நாம் எழுந்து நடப்பதாலோ, நாற்காலியை மாற்றிப் போடுவதாலோ, 'இவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எண்ணிக்கை குறைந்தது' என்று நண்பரைக் கடிவதாலோ ஒரு வாக்கும் இடம் மாறப்போவதில்லை. (இதைப் பகுத்தறிவாளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரிடமும் காண்கிறோம்!)

'அப்படியாயின் பௌத்தன் தேர்தலில் கவலையற்று இருக்கவேண்டுமா?' என்று கேட்பீர்கள். இல்லை. உபேட்சை என்பது அக்கறையின்மை அன்று. நம்மவருக்கு வாக்கு எளிதில் வந்த பொருளும் அன்று. அதே திருவனந்தபுரத்தில், பொதுவழியில் நடக்கவும் தடுக்கப்பட்ட மக்களின் குரலாக அய்யன்காளி 1911ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமனம் பெற்றார். அச்சபை கூடிய மண்டபம் 2019 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தலைத் திருவிதாங்கூர் கண்டது 1948இல்தான். அந்த உரிமையைப் பெற்றவர் அதன் விளைவைப் பற்றி ஆர்வங்கொள்வது இயல்பு, தகுதியும் ஆகும்.

வாக்கெடுப்பு நம் சங்கத்திற்கும் புதியதன்று. விநயத்தில் சலாகை என்னும் குச்சிகளை வழங்கிப் பெரும்பான்மை அறியும் முறை கூறப்பட்டிருக்கிறது. அக்குச்சிகளை வழங்கும் பிக்குவுக்குரிய தகுதிகள் யாவை? விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கின் வழியே செல்லாதவராயிருத்தல். எது வழங்கப்பட்டது, எது வழங்கப்படவில்லை என அறிந்தவராயிருத்தல். எண்ணுவோனுக்கு விதித்த இத்தகுதிகளை, எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருப்போனும் சற்று அணிந்து பார்க்கலாம். விருப்பினால் பொய்ச் செய்தியை நம்புகிறோம். வெறுப்பினால் மெய்ச் செய்தியை மறுக்கிறோம்.

வெற்றி தோல்விச் செய்தி பகவனிடமும் வந்ததுண்டு. மகத மன்னன் அஜாதசத்துரு காசியின்மேல் படையெடுத்தான். கோசல மன்னர் பசேனதி எதிர்த்துச் சென்று தோற்றுச் சாவத்திக்குத் திரும்பினார். பிச்சைக்குச் சென்ற பிக்குகள் ஊரில் அதைக் கேட்டு வந்து பகவனிடம் உரைத்தனர். பகவன் இருவரின் நண்பரையும் பற்றிப் பேசினார்: கோசலருக்கு நல்ல நண்பர் உண்டு, மகதனுக்குத் தீய நண்பரே உளர், ஆயினும் அன்றிரவு கோசலர் துயரோடுதான் உறங்குவார் என்றார். நல்ல நண்பர் சூழ்ந்திருந்தும் தோல்வி இரவில் உறக்கம் கெடும் என்பதை அவர் மறைக்கவில்லை. தோல்வி வலிப்பதைப் பழிக்கவும் இல்லை. அடுத்த போரில் கோசலர் வென்று அஜாதசத்துருவை உயிரோடு பிடித்தார். தங்கை மகன் முறையாதலால் படையைப் பறித்துக்கொண்டு உயிரை விட்டார். அந்த வெற்றிச் செய்தி வந்தபோதும் பகவன் மகிழ்ந்தாடவில்லை. பறித்தவன் பறிக்கப்படும் சுழற்சியைத்தான் சுட்டினார்.

தோற்றவர் பக்கம் நமக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டு முதற்பொதுத்தேர்தலில் பாபாசாகேப் அம்பேத்கர் வடபம்பாய்த் தொகுதியில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சட்டத்தை வகுத்த பெருமகனை நாட்டு மக்கள் இருமுறை ஏற்காது விட்டனர். அதன்பின் இரண்டே ஆண்டில், 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் திரிசரணம் ஏற்றார். இலட்சக்கணக்கானோர் உடன் ஏற்றனர். 1952இன் வாக்கெண்ணும் நாளில் அவர் வாழ்வு முடிந்தது என எண்ணியவர் எத்தனை பேரோ!

இனி, அந்த வீட்டில் போடப்படாத இலைகளைப் பற்றி. 1917ஆம் ஆண்டு சேராயியில் சகோதரன் அய்யப்பன் பல சாதியாரை ஒன்றாக அமர்த்தி மிசிரபோஜனம் நடத்தியதற்காகத் தம் சமூகத்தாராலேயே விலக்கி வைக்கப்பட்டார். ஒருவரோடு ஒருவர் உண்பதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை அத்தகையது. அவ்வாறு பெற்ற பந்தியை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் ஓர் எண்ணின் பொருட்டு நாமே குலைத்துக்கொள்வது எவ்வளவு பேதைமை! நம் கிளைகளிலேயே, தேர்தலுக்குப் பின் பௌர்ணமி உபோசதத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டோர் உண்டு. சாதி பிரிக்க முயன்ற இடத்தில் கட்சி வந்து அமர்ந்துகொண்டது. முதிதை என்னும் பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தலை நாம் நாள்தோறும் பாவனை செய்கிறோம். எதிர்க்கட்சி நண்பரின் முகம் மலர்ந்திருக்கும் அந்த ஒரு நாழிகையில் அது நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அடுத்த வாக்கெண்ணும் நாளில் நீங்கள் கூடும்போது, பாயசத்தை முடிவுக்கென ஆறவிடாதீர்கள். நண்பகலானதும் எந்தச் சுற்றாயினும் இலையைப் போடுங்கள். திண்ணைக்குச் சென்றவரை உள்ளே அழையுங்கள். அந்த நேரத்தில் எவர் கட்சி முந்தி நிற்கிறதோ அவர் அகப்பையை எடுத்துக்கொள்ளட்டும். பிந்தி நிற்பவர் இலைக்கு முதலில் பரிமாறட்டும். மாலைக்குள் எண்ணிக்கை மாறினால் அகப்பையும் கைமாறட்டும்.