ஒன்பது பேர், பத்துக் கைகள்

அன்று பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கையை எண்ணியபோது பத்து வந்தது.

கூட்டம் முடிந்து நாற்பது நாளாகிவிட்டது. அதில் யார் என்ன பேசினார்கள் என்பதில் பாதி மறந்துபோயிற்று. அந்தப் பத்தாவது கை மட்டும் மறக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் பேண்டு மாட்டிய அந்தக் கை மேலே எழும்புகிறது.

ஊர் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை. பள்ளி, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. எங்கள் பள்ளியை அதோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊருக்குள் பேச்சு. உத்தரவு எதுவும் வரவில்லை. வந்தால் நாம் என்ன சொல்வது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் தலைமையாசிரியை எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியும் எங்களைப்போல ஒரு மாணவனின் தாய்தான்.

அரைமணி நேரம் பேசினோம். பிறகு டீச்சர், "பெரிய பள்ளிக்கூடத்தோட சேத்துடலாம்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். ஆறு கைகள் எழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. "இங்கேயே இருக்கட்டும்னு நினைக்கிறவங்க?" என்றார். நான்கு கைகள். டீச்சர் நோட்டில் எழுதப்போனவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

முதல் வகுப்புப் பிள்ளையின் அப்பத்தா இரண்டுக்கும் கை தூக்கியிருந்தார். பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பேத்தியை வளர்ப்பது அவர்தான்.

"அம்மா, ஏதாவது ஒண்ணுக்குத்தான் தூக்கணும்."

"ரெண்டுந்தான டீச்சர் வேணும்" என்றார் அவர். கையை இறக்கவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கையை எந்தப் பக்கம் சேர்த்தாலும் முடிவு மாறப்போவதில்லை. ஆறுக்கு மூன்று, இல்லாவிட்டால் ஐந்துக்கு நான்கு. அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நோட்டில் பெரும்பான்மை என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் உறைத்தது. நான் எதற்குச் சிரித்தேன்?

அந்த ரப்பர் பேண்டு பேத்தியுடையது. காலையில் தலை பின்னிவிடும்போது மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, பிறகு எடுத்துச் சடையின் நுனியில் மாட்டுவார்கள். அன்று ஒரு சடைக்கு மாட்டிவிட்டு இன்னொன்றை மறந்து வந்திருப்பார் போலிருக்கிறது. அவ்வளவு அவசரத்தில் வந்தவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வேலையிடத்தில் காலையில் ஒரு போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவில் இல்லாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. பள்ளி பக்கத்தில் இருப்பதால் பிள்ளையைக் காலைச் சாப்பாட்டுக்கே விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். நாலுவழிச் சாலையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் போட்டோவுக்கு நிற்க முடியாது. இங்கேயே இருக்கட்டும் என்று அவர் தூக்கிய கைக்குள் இவ்வளவும் இருந்தது.

அப்படியானால் முதலில் தூக்கிய கை?

அதை யோசிக்கும்போது எனக்கு என் அம்மா நினைவுக்கு வருகிறாள்.

நானும் இதே பள்ளியில்தான் படித்தேன். எங்கள் ஐந்தாம் வகுப்பில் மட்டும் இருபத்துமூன்று பேர். வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடிப்பதுதான் மணி. அடிக்கும் உரிமை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். அந்த நாளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று இருந்தது. அதன் தலைவர் ஊரில் நிலபுலம் உள்ள பெரியவர். அவர் பிள்ளைகள் மதுரையில் படித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தன்று அவருக்கு ஹெட்மாஸ்டரின் நாற்காலி. ஆண்கள் பெஞ்சில். அம்மா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. பள்ளியில் எங்களுக்குக் கக்கூஸ் இல்லை என்பதை அம்மா மூன்று கூட்டங்களில் ஜன்னலுக்கு வெளியிலிருந்தே சொன்னாள். மூன்று முறையும் யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் நானும் அன்று சிரித்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு.

இன்றைக்கு அந்த ஜன்னல் இல்லை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும் என்றும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். பாதுகாவலர் என்ற சொல் சட்டத்தில் இருப்பதால் அப்பத்தாவும் உள்ளே உட்காரலாம். இதைச் சின்ன மாற்றமாக என்னால் நினைக்க முடியவில்லை. ஜன்னலுக்கும் உள்ளே விரித்த பாய்க்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க எங்கள் ஊருக்கு ஒரு தலைமுறை ஆயிற்று. உள்ளே வந்தவர் கை தூக்கும்போது நாம் கேட்கிறோமா என்பதுதான் இப்போது என்னைக் குடைகிறது.

உள்ளே யார் வரலாம் என்பது பழைய கேள்விதான். பள்ளிப் பாடத்தில் குடவோலை முறை படித்திருப்போம். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டு. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. அந்தச் சிறுவன்மேல் எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. குடத்துக்குள் பெயர் போவதற்கே வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் வேண்டும் என்பதைப் பெரியவனான பிறகுதான் கவனித்துப் படித்தேன். அப்பத்தாவின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. என் அம்மாவின் பெயரும் போயிருக்காது. என் பெயரும்தான்.

குடத்தைப் பற்றிப் பேச எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மூத்தவள் பிறந்தபோது நாங்கள் டவுனில் வாடகைக்கு இருந்தோம். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம் என்ற அதே கல்வி உரிமைச் சட்டத்தின்படி எல்.கே.ஜி.க்கு விண்ணப்பித்தோம். இடங்களைவிட விண்ணப்பம் அதிகம். பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் வைத்தார்கள். ஒரு சிறுமிதான் சீட்டை எடுத்தாள். என் மகள் பெயர் வந்தது. என் மனைவி அழுதேவிட்டாள். வராத பெயர்க்காரர்களும் அதே அறையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் நான் திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

கொரோனாவில் வேலை போய் ஊர் திரும்பினோம். மகள் அந்தப் பள்ளிக்கே வேனில் போய்வந்தாள். எட்டாம் வகுப்புவரை கட்டணம் இல்லாத இடத்தை விட மனம் வரவில்லை. மகனுக்கு அப்படி இடம் கேட்கலாம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இல்லை. அவன் இங்கே சேர்ந்தான். இப்போது மூன்றாம் வகுப்பில் அவன் ஒருவன்தான்.

நான் சேர்க்கலாம் என்று கை தூக்கியது அதனால்தான். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். டீச்சர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கவனிப்பு அதிகம். ஆனால் அவன் வயதுப் பையன் ஒருவன்கூட இல்லை. கபடிக்கு ஆள் பிரிக்க முடியாது. வீட்டுப்பாடம் மறந்தால் போய்க் கேட்க ஒரு வீடு கிடையாது. ஒருநாள் ராத்திரி, "அப்பா, நான் பர்ஸ்ட் ரேங்க்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தெருவிலிருந்து மட்டும் காலையில் வேன் ஏறிப்போகிற பிள்ளைகள் ஒன்பது பேர். தொடக்கப் பள்ளி வயதில் ஐந்தாண்டும் என் மகளும் அந்த வேனில்தான் போனாள். அவள் இங்கே படித்திருந்தால் ஒன்று கூடியிருக்கும். ஒன்று கூடினால் பள்ளி பிழைத்திருக்குமா? தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் என்னைப்போல ஒரு நியாயம் இருக்கும். அந்த நியாயங்களை எல்லாம் கூட்டினால் பதினொன்று என்ற எண் வருகிறது. பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் நான்தான் முதலில் எழுந்து பேசினேன். அதைப் பேச எனக்கு வாய் எப்படி வந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஊரே பள்ளியைத் தாங்கிய காலம் ஒன்று இருந்தது. நெ.து. சுந்தரவடிவேலு காமராசர் காலத்தில் கல்வித்துறையின் இயக்குநராக இருந்தவர். அவருடைய தன்வரலாற்று நூலான 'நினைவு அலைகள்' நூலை எப்போதோ நூலகத்தில் எடுத்து, முழுக்கப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்தான் மனதில் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, முடிந்ததைத் தாங்களே கொடுத்தார்கள். ஒருவர் பெஞ்சு, ஒருவர் கரும்பலகை, ஒருவர் இடம். எங்கள் பள்ளியின் மர பீரோவில் மங்கிப்போன எழுத்தில் "உபயம்" என்று இருக்கிறது. கொடுத்தவர் பெயர் உரிந்துவிட்டது. அந்தத் தலைமுறை பள்ளிக்குப் பொருளைக் கொடுத்ததோடு தன் பிள்ளையையும் கொடுத்தது. நாங்கள் பெயின்ட் அடித்துக் கொடுத்தோம், மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம், பிள்ளையை வேனில் ஏற்றினோம்.

இதைக் குற்றமாக எழுதவில்லை. வேன் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். பிள்ளைக்கு நல்லது எங்கே கிடைக்கும் என்று தேடுகிற தாயை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றினார்கள். அந்த 46 ஊரிலும் யாரும் ஒரே நாளில் பள்ளியைக் கைவிட்டிருக்க மாட்டார்கள். ஒரு வீடு, அடுத்த ஆண்டு இன்னொரு வீடு என்றுதான் போயிருக்கும்.

அப்பத்தாவின் முதல் கைக்குத் திரும்புகிறேன். ஒருவேளை அவருக்குக் கேள்வி புரியாமல் இருந்திருக்கலாம். யாராவது கை தூக்கச் சொன்னால் தூக்கிவிடும் பழக்கமாகவும் இருக்கலாம். அப்படி முடித்துவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் "ரெண்டுந்தான வேணும்" என்ற சொல் முடிக்கவிட மறுக்கிறது. பேத்திக்கு நாலு பிள்ளைகளோடு விளையாடவும் வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பள்ளியும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் என்று முடிவுசெய்து கேள்வியை அமைத்தது யார்? நாங்கள்தான். வேனில் போகிற பிள்ளைகள் திரும்பி வந்தால் இரண்டும் கிடைக்குமே என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் வண்டிக்கும் கூடவரும் ஆளுக்கும் பணம் கேட்க வழி இருப்பதைக் கூட்டம் கலைந்த பிறகுதான் பேசிக்கொண்டோம். இரண்டும் வேண்டும் என்றவர் ஒருவர். அவரைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

இதற்கு மறுபேச்சும் என் மனதுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்று எல்லாரும் கை தூக்கினால் எந்தக் கூட்டம்தான் முடியும்? வாழ்க்கையில் ஒன்றை விட்டுத்தானே ஒன்றை எடுக்கிறோம்? டவுனை விட்டு ஊருக்கு வந்தோம். மகளுக்கு ஒரு பள்ளி, மகனுக்கு ஒரு பள்ளி என்று பிரித்தோம். அப்பத்தாவே மகனைத் திருப்பூருக்கு விட்டுவிட்டுப் பேத்தியை வைத்திருக்கிறார். விடுவது என்ன என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தூக்கினார் என்பதுதான் என்னை உட்காரவிடவில்லை.

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். "தம்பி, மண்ணெண்ணெய் போடுறாங்களா, கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டுச் சொன்னேன். இல்லை என்றார்கள். அவர் போய்விட்டார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று சொன்ன அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் எந்தக் கேள்விக்குக் கை தூக்குவேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மகன் முகத்தை நினைத்தால் ஒரு பக்கம், அந்த நாலுவழிச் சாலையை நினைத்தால் மறுபக்கம். கேள்வியையே மாற்றிக் கேளுங்கள் என்று எழுந்து சொல்ல எனக்குத் துணிவு இருக்குமா என்பதும் தெரியவில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால், இரண்டுக்கும் கை தூக்குகிறவர் ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஏன் என்று அங்கேயே, அப்போதே கேட்டுவிடுங்கள்.

உத்தரவு இன்னும் வரவில்லை. பள்ளியில் இன்றைக்கும் பதினொரு பிள்ளைகள்.