மகள் சொல்லும் குறையும் பெற்றோர் செய்யும் தீர்ப்பும்

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒருவன் நாள்தோறும் பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுக்கிறான் என்று 15 வயது மகள் வீட்டில் சொல்லுகிறாள். தகப்பனார் கோபிக்கிறார். தாயார் அழுகிறாள். "நாளை முதல் இவள் வெளியே போக வேண்டாம்" என்கிறாள் பாட்டி. ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. தொல்லை கொடுத்தவன் மறுநாளும் அதே தெருமுனையில் நிற்கிறான். படிப்பை இழந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மகள்தான்.

அன்பான பெற்றோரே, இத்தீர்ப்பு நீதியானதா? இவ்வாரம் நாம் இதைச் சற்றுச் சிந்திப்போம்.

பெற்றோரின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. மகளுக்குத் தீங்கு வரக் கூடாது என்றே இப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஒரு செயல் நல்லதாயிருக்க நோக்கம் மட்டும் போதாது. செய்யும் காரியமும் அதன் சூழ்நிலைகளும் நல்லவையாயிருக்க வேண்டும் என்பது நமது அறநூல்களின் போதனை. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி. இங்கே மகள் செய்தது என்ன? தீமைக்கு இணங்காதிருந்தாள், அதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னாள். இரண்டும் நற்செயல்கள். இவற்றுக்கு அவள் பெற்ற கைம்மாறோ தண்டனை. குற்றம் ஒருவனுடையது, தண்டனை மற்றொருத்திக்கு என்றால் அதை நீதி என்று எப்படிச் சொல்லுவது?

இதனால் விளையும் கேடு அத்தோடு நிற்பதில்லை. அன்று அந்த மகள் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறாள்: "வீட்டில் சொன்னால் படிப்பு போய்விடும், ஆகையால் சொல்லாதே." அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையும் அதே பாடத்தைக் கற்றுக்கொள்கிறாள். பிற்பாடு இதைவிடப் பெரிய ஆபத்து வரும்போது இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்று கைப்பேசி வழியாகப் பெண் பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள் எதை நம்பி மிரட்டுகிறார்கள்? "உன் படத்தை உன் அப்பாவுக்கு அனுப்புவேன்" என்கிறார்கள். பிள்ளை தன்னைவிடத் தன் தகப்பனாருக்கே அதிகம் பயப்படுவாள் என்பது மிரட்டுகிறவனுக்குத் தெரியும். அந்தப் பயமே அவனுடைய முதலீடு. "அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்" என்று ஒரு பெண் சொல்லக்கூடுமானால், அவன் கையிலிருந்த ஆயுதத்தின் கூர் பெரும்பாலும் மழுங்கிவிடும்.

"சுவாமி, ஊர் வாய் உங்களுக்குத் தெரியாது. ஏதாவது நடந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பயம் வெறும் கற்பனையன்று. அதை அலட்சியம் செய்வது சரியுமன்று. ஆனால் பயம் வேறு, விவேகம் வேறு. பயம் உள்ளத்தில் எழும் ஓர் உணர்ச்சி. விவேகமோ ஒரு புண்ணியம். பயம் கதவைச் சாத்தச் சொல்லுகிறது. எந்த வழியில் ஆபத்து குறையும் என்று விவேகம் ஆராய்கிறது. சில நாட்கள் தகப்பனாரோ அண்ணனோ உடன் போய்வரலாம். அதே வழியில் போகும் மாணவிகள் சேர்ந்து போக ஏற்பாடு செய்யலாம். தலைமையாசிரியையிடம் பேசலாம். தேவையானால் சட்டத்தின் உதவியை நாடலாம்.

சட்டம் என்றதும் பலர் தயங்குவது எதற்காக? பிள்ளை காவல் நிலையப் படி ஏற வேண்டுமே, பெயர் வெளியே வந்துவிடுமே என்பதற்காக. 18 வயது நிறையாத பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்காக 2012-ல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் இந்தத் தயக்கத்தை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. பிள்ளையின் வாக்குமூலத்தை அவளுடைய வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியே, அதுவும் சீருடையில்லாமல், பதிவு செய்ய வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவளுடைய பெயரையோ, படத்தையோ, பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது என்று அச்சட்டம் விதிக்கிறது. ஆபத்திலிருக்கும் பிள்ளைகளுக்காக 1098 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. பிள்ளையே அதில் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

வேறு சிலர், "ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் பாரம் தீர்ந்தது" என்று அவசரமாய்க் கலியாணப் பேச்சைத் தொடங்குகிறார்கள். 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது நிறையாத பெண்ணுக்குக் கலியாணம் செய்விப்பது குற்றம். அதற்கு மேலாக, மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தின் உயிரே மணமக்களின் சுயாதீனமான சம்மதம். வற்புறுத்தலாலும் கடும் பயத்தாலும் பெற்ற சம்மதத்தால் நடக்கும் விவாகம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். தெருவில் நின்ற ஒருவனுக்குப் பயந்து மகளை அவள் மனமறியாத வாழ்வுக்குள் தள்ளுவது பாதுகாப்பாகாது.

இனி, இன்னொரு கேள்வி எழும். "மகளே தவறு செய்திருந்தால்? அவளே பதில் எழுதியிருந்தால், படம் அனுப்பியிருந்தால்?" தவறைத் தவறு என்று சொல்லித் திருத்துவது பெற்றோரின் கடமைதான். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பன் அதை அங்கேயே நிறுத்தி அடித்ததாகச் சேசுநாதர் சொல்லவில்லை. தோளின்மேல் சுமந்துகொண்டு வந்ததாகவே சொன்னார். முள்ளில் சிக்கியதை முதலில் விடுவிக்க வேண்டும், புத்திமதி பிறகு. தவறு செய்ததால் மகள் பாதுகாப்புக்குரிய உரிமையை இழந்துவிடுவதில்லை.

அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் வயதுக்கேற்ப அது மாற வேண்டும். பகுத்தறிவு தெளியும்வரை பிள்ளையானது பெற்றோரின் பராமரிப்பில், ஒரு ஞானக் கருவறைக்குள் இருப்பதுபோல் இருக்கிறதென்றும், அறிவு வந்தபின் தன்னைத் தானே ஆளத் தொடங்குகிறதென்றும் 13-ம் நூற்றாண்டிலேயே அர்ச். அக்குவினாஸ் தோமாஸ் கற்பித்தார். கருவறை நல்ல இடம். ஆனால் அதற்குள் யாரும் என்றைக்கும் இருக்க முடியாது. 2016-ல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில் பாப்பரசர் பிரான்சிஸ், பிள்ளை உடலால் எங்கே நிற்கிறது என்பதைவிட, உள்ளத்தால் எங்கே இருக்கிறது என்பதையே பெற்றோர் அறிய முயல வேண்டும் என்று சுட்டிக்காட்டினார். மகளின் கைப்பேசியை இரவில் திருட்டுத்தனமாய்த் திறந்து பார்க்கும் தாய், அவள் யாரோடு பேசினாள் என்பதை அறிவாள். ஏன் பேசினாள் என்பதை அறியாள். அதை அறிய மகளின் அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கைப்பேசிக்கு விதி வேண்டுமானால் பகிரங்கமாய் விதியுங்கள்: இத்தனை மணிக்குமேல் இல்லை, கூடத்தில் வைத்தே பார்க்க வேண்டும் என்று. மறைவில் செய்வது ஒற்று வேலை. அது வெளிப்படும் நாளில் நம்பிக்கை முறிந்துபோம்.

இரகசியம் காப்பதும் ஒரு கடமை. மகள் அழுதுகொண்டு சொன்னதை மாலையில் சித்தியிடமும், மறுநாள் அடுத்த வீட்டிலும் சொல்லுகிற தாய்மார் உண்டு. பிறருடைய மெய்யான குறையையும் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம். அந்தப் பிறர் நம் மகளானால் அது பாவமில்லாமல் போகுமா? நீதிமானாகிய அர்ச். சூசையப்பர், உண்மை விளங்காமல் கலங்கிய வேளையிலும் கன்னிமாமரியை ஊரார் முன் அவமானப்படுத்த மனதில்லாதிருந்தார். குடும்ப மானத்தைப் பற்றிப் பேசும் தகப்பன்மார் அவருடைய மௌனத்தைத் தியானிப்பது நலம்.

மதிப்பெண் விஷயத்திலும் இதே நியாயந்தான். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளோடு முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசாங்கம் 2017-ல் கைவிட்டது. பல வீடுகளில் அந்த வழக்கம் இன்னும் நடக்கிறது. தேறாதவர்கள் அந்த ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுத வழியுண்டு. தேர்வு முடிவு வரும் நாளைக்கு முன்பே, "எப்படி வந்தாலும் நேராக வீட்டுக்கு வா, அம்மா" என்று சொல்லிவையுங்கள். முடிவு வந்தபின் சொல்லப்படும் ஆறுதல் சில வேளைகளில் காலம் கடந்ததாகிவிடும்.

ஆண் மக்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெருமுனையில் நிற்பவன் ஆகாயத்திலிருந்து விழுந்தவனல்லன். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. மகள் கால்மணி தாமதித்தால் ஆயிரம் கேள்வி, மகன் இரவு 10 மணிக்கு வந்தாலும் ஒரு கேள்வியுமில்லை என்றிருக்கும் வீட்டில், சட்டம் பெண்ணுக்கு மட்டுமே என்று அவன் கற்றுக்கொள்கிறான்.

தாய் தந்தையரைச் சங்கித்திருக்கும்படி நான்காம் கற்பனை பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறது. அதே கற்பனை பெற்றோரையும் கட்டுப்படுத்துகிறதென்று நமது ஞானோபதேசம் போதிக்கிறது. பன்னிரண்டு வயதான பாலகனை மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்ட தேவதாய் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பட்ட துயரத்தை மறைக்கவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்லாமல், ஏன் என்று கேட்டாள். கிடைத்த பதில் முழுதும் விளங்காதபோதும் அதை உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தாள்.

ஆகையால் இவ்வாரம் ஒன்று செய்யுங்கள். ஒரு நாள் மாலை, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஓரமாய் வைத்துவிட்டு, மகளிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: "உனக்கு எது நேர்ந்தாலும் எங்களிடம் சொல்லலாம், சொன்னதற்காக உன் படிப்பை நிறுத்த மாட்டோம்." சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அப்படிக் காக்கும் வீட்டில் பிள்ளை பயமின்றி வாய் திறப்பாள்.