புகை செல்லும் தொலைவு: மகிழுந்துத் தெரிவும் ஒப்புரவின் எல்லையும்

முன்னுரை

பெரிய மகிழுந்து ஒன்றை வாங்க முனைவோர் டீசலால் இயங்குவதைத் தெரிவதா, மின்னாற்றலால் இயங்குவதைத் தெரிவதா என்னும் வினாவை இன்று எதிர்கொள்கின்றனர். விலை, ஓடும் தொலைவு, மின்னேற்ற வசதி ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் இதற்கு விடை காணப்படுகிறது. ஆயின் இவ்வினாவினுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது. ஒருவர் தம் பயணத்தால் எழும் புகையை யார்மீது சுமத்தலாம் என்பதே அது. தில்லியின் கிட்வாய் நகரைக் களமாகவும், திருக்குறளின் இன்னாசெய்யாமை, ஒப்புரவறிதல் ஆகிய இரு அதிகாரங்களை அளவுகோலாகவும் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம்

ரஃபி அகமது கிட்வாயின் பெயரால் அமைந்த கிட்வாய் நகர், மைய அரசு ஊழியர் குடியிருப்பாகும். அதன் கிழக்குப் பகுதியில் இருந்த பழைய தாழ்ந்த வீடுகள் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 86 ஏக்கர் பரப்பில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. குடியிருப்பை ஒட்டி வட்டச்சாலை செல்கிறது. அருகிலேயே எய்ம்ஸ், சப்தர்ஜங் ஆகிய இரு பெரும் மருத்துவமனைகள் உள்ளன. சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளும் உறவினரும் அம்மருத்துவமனைகளைச் சூழ்ந்த நடைபாதைகளில் இரவைக் கழிப்பது தில்லியில் எவரும் அறிந்த காட்சி. மகிழுந்து வைத்திருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். நடைபாதையில் உறங்குபவருக்கு அவ்வசதி இல்லை. தெரிவு ஒருவருடையதாகவும் மூச்சு மற்றொருவருடையதாகவும் இருக்கும் நிலையிலேயே அறவினா பிறக்கிறது.

டீசலும் இன்னாசெய்யாமையும்

தனக்குத் துன்பம் என்று ஒருவன் உணர்ந்தவற்றைப் பிறரிடத்துச் செய்தலாகாது என்பது இன்னாசெய்யாமை அதிகாரத்தின் (அதி. 32) கருத்துகளுள் ஒன்று. இங்கு 'உணர்தல்' என்பது இன்றியமையாத கூறாகும். அறியாது செய்த தீங்கும் அறிந்து செய்த தீங்கும் ஒரே நிறையின அல்ல. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டு டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியது. அதன்பின் டீசலைத் தெரிபவர் அறியாமையைக் காரணம் காட்டுதல் அரிது.

சட்டமும் இவ்வழியே நடந்துள்ளது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 2000 சி.சி.யும் அதற்கு மேலும் கொள்ளளவுடைய டீசல் மகிழுந்துகளைத் தலைநகர்ப் பகுதியில் பதிவு செய்யத் தடை விதித்தது. 2016 ஆகஸ்டில் அத்தடையை நீக்கி, விலையில் ஒரு விழுக்காட்டைச் சுற்றுச்சூழல் வரியாகச் செலுத்தப் பணித்தது. மற்றொரு வழக்கில், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாது என்னும் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015ஆம் ஆண்டு ஆணையை 2018இல் உறுதி செய்தது. 2025இல் இவ்விதியின் கடுமை தளர்த்தப்பட்டு, பாரத் ஸ்டேஜ் 4, அதற்கு மேற்பட்ட தரமுடைய வண்டிகளுக்குப் பாதுகாப்பு வழங்கப்பட்டது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பத்தாண்டு கடந்த வண்டி தடையின்மைச் சான்று பெற்றுப் பிற மாநிலத்துச் சிற்றூர்களுக்குச் சென்று அங்கு ஓடலாம். தில்லியின் புகை இவ்வாறு அழியாமல் இடம்பெயர்கிறது.

மின் மகிழுந்தும் தொலைப்புகையும்

மின் மகிழுந்தை ஏற்காதோர் கூறும் தலையாய மறுப்பும் இதுவே. அதுவும் புகையை இடம்பெயர்ப்பதேயன்றி ஒழிப்பதன்று என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. தில்லியின் எல்லையிலிருந்த பதர்பூர் அனல்மின் நிலையம் 2018இல் மூடப்பட்டது. எனினும் தில்லிக்கு வரும் மின்சாரத்தின் ஒரு பகுதி சிங்ரௌலி, ரிஹந்த் போன்ற தொலைதூர நிலக்கரி நிலையங்களினின்று வருகிறது. அச்சிங்ரௌலிப் பகுதியோ மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் 2009இல் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. தமிழகத்திலும் நிலை வேறன்று. சென்னையில் மின்னேற்றம் பெறும் வண்டிக்கு அத்திப்பட்டும் நெய்வேலியும் புகையைச் சுமக்கின்றன.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். டாடா ஹாரியர் 2019 முதல் டீசல் வண்டியாகவும், 2025 முதல் 65, 75 கிலோவாட் மணி மின்கலங்களுடன் மின்வண்டியாகவும் விற்கப்படுகிறது. இத்தகைய டீசல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 190 கிராம் கரியமிலவாயு எழும். மின்வண்டி கிலோமீட்டருக்கு 0.2 அலகு மின்சாரம் கொள்வதாகவும், இந்திய மின்தொகுப்பில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வெளியாவதாகவும் கொண்டால், அது 140 கிராம் ஆகும். வேறுபாடு 50 கிராம். 65 கிலோவாட் மணி மின்கலத்தைச் செய்வதில் ஐந்து டன் அளவுக்குக் கரியமிலவாயு எழுவதாக மதிப்பிட்டால், அக்கடன் தீர ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடவேண்டும். எண்ணெயையும் நிலக்கரியையும் எடுத்துக் கொணரும் செலவைச் சேர்த்தால் இத்தொலைவு மாறும். எனினும் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மின்வண்டி தரும் அறப்பயன், 5,000 கிலோமீட்டரே ஓட்டுபவருக்கு இல்லை என்பது தெளிவு. மின்வண்டியை வாங்கி நிறுத்தி வைத்திருப்பது நற்செயலாகாது.

ஆயின் இரு வண்டிகளும் சமமான குற்றமுடையன என்று முடித்தல் பொருந்தாது. டீசல் வண்டி மனிதர் மூச்சுவிடும் உயரத்தில், நெருங்கிய மக்களிடையே புகை கக்குகிறது. ஆயிரக்கணக்கான வண்டிகளின் புகைக்குழாய்களைக் கண்காணித்தல் அரிது; ஓர் உயர்ந்த புகைபோக்கியைக் கண்காணித்தல் எளிது. மேலும் டீசல் எஞ்சின் பழையதாகுந்தோறும் அதன் புகை கூடவே செய்யும். மின்தொகுப்பில் காற்றும் கதிரவனும் பெருகுந்தோறும், அதே மின்வண்டியின் தொலைப்புகை குறையும். முன்னதன் தீங்கு வாங்கிய நாளிலேயே உறுதியாகிறது. பின்னதன் தீங்கு சமுதாயம் முயன்றால் திருந்தக்கூடியது. இதுவே இரண்டிற்கும் உள்ள அறவேறுபாடு எனலாம்.

ஒப்புரவின் எல்லை

திருந்தக்கூடியது என்பதனால் அது தானே திருந்திவிடாது. அனல்மின் நிலையங்கள் கந்தக நீக்க அமைப்பைப் பொருத்த வேண்டிய நிலையை உருவாக்கிய நெறிமுறைகள் 2015 டிசம்பரில் வெளிவந்தன. கால எல்லை பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் மைய அரசு பெரும்பாலான நிலையங்களுக்கு அக்கடமையிலிருந்து விலக்களித்தது. தலைநகர்ப் பகுதிக்கோ, பத்து லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகையுடைய நகரங்களுக்கோ பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை காலவரம்பு உள்ளது. கடுமையாக மாசடைந்த பகுதிகளிலுள்ளவை தனித்தனியே ஆராயப்படும். நகரத்தார் மூச்சுக்கு முதல் உறுதியும் சிற்றூரார் மூச்சுக்கு விலக்கும் அமைந்துள்ளமை இதனால் புலனாகிறது.

இவ்விடத்து ஒப்புரவறிதல் அதிகாரத்தின் (அதி. 22) அமைப்பு நோக்கத்தக்கது. நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவில் பழுத்த பயன்மரம், மருந்தாகும் மரம் என்னும் அதன் உவமைகளுள் முன்னிரண்டும் ஊர் என்னும் எல்லைக்குள் நிற்கின்றன. ஆனால் அதிகாரம் தொடங்குவதோ மாரியைக் கொண்டு. மாரிக்கு ஊர் எல்லை இல்லை. அதன் பயனைக் கொள்வது உலகு. ஆகவே ஒப்புரவுக்கு வள்ளுவர் இரண்டு அளவுகளைத் தருகிறார் என்று கொள்ள இடமுண்டு. ஒன்று அண்டை அயலார் அளவு. மற்றொன்று முகமறியா உலகின் அளவு.

டீசலை விலக்குதல் முதல் அளவை நிறைவு செய்கிறது. கிட்வாய் நகர் நடைபாதையில் உறங்குபவருக்கு அது உடனடிப் பயன். ஆனால் அத்துடன் நிற்பவர் ஊருணியோடு நின்றவராவார். மின்கம்பி செல்லும் தொலைவு வரை தம் ஊர் விரிந்துள்ளது என உணர்பவரே மாரியின் அளவை எட்டுகிறார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், நெருக்கமான நகரில் மிகுதியாக வண்டி ஓட்டுபவருக்கு மின் மகிழுந்தே அறத்தோடு பொருந்திய தெரிவு என்பது பெறப்படுகிறது. குறைவாக ஓட்டுபவர் புதிய பெருவண்டி தமக்குத் தேவையா என்பதையே முதலில் வினவுதல் தகும். கிட்வாய் நகரை அடுத்து மெட்ரோ ரயில் நிலையமும் உள்ளது. மின் மகிழுந்தைத் தெரிந்தவர் தூயவர் ஆகிவிடவில்லை. சிங்ரௌலிக்குக் கடன்பட்டவர் ஆகிறார். அங்குள்ள புகைபோக்கிக்கும் தலைநகரின் விதியே வேண்டும் என்று கேட்பது அக்கடனைத் தீர்க்கும் முதல் தவணையாகும்.