அறிவோடு கூடிய அருள்



நம் சமயச் சின்னம் இல்லாத சமண இல்லம் அரிது. பகவான் மகாவீரர் வீடுபேறுற்ற 2500ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1974-75இல் எல்லாப் பிரிவினரும் ஒருமனதாக ஏற்ற சின்னம் அது. அதன் அடியில் பொறித்திருப்பது, ஆசாரியர் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்து வாசகம். உயிர்கள் தம்முள் ஒன்றுக்கொன்று துணையாகி நிற்கின்றன என்பது அதன் கருத்து. இதற்கு உரை கண்ட பூச்சியபாதர் தலைவனையும் பணியாளனையும், ஆசிரியரையும் மாணாக்கரையும் எடுத்துக்காட்டாக வைத்தார்.

வகுப்பறையில் உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது, புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு விழுங்கும் என்று கரும்பலகையில் அம்புக்குறி இட்டுக் காட்டுவோம். "ஒன்றையொன்று தின்னும் இவ்வரிசையில் உதவி எங்கே இருக்கிறது?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் அது நியாயமான வினாவே.

அச்சங்கிலி பாதி உண்மையைத்தான் காட்டுகிறது. ஓரறிவுயிராகிய செடி, சூரிய ஒளியைக்கொண்டு தனக்கு உணவு சமைக்கிறது; நாம் உண்பதும் உயிர்ப்பதும் அதன் கொடை. ஈரறிவுயிராகிய மண்புழு நிலத்தைத் துளைத்துக் காற்றும் நீரும் புகச் செய்கிறது. நாலறிவுயிராகிய தேனீ, பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சுமந்து காய் பிடிக்கச் செய்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மடிந்த உடல்களைச் சிதைத்து மீண்டும் மண்ணுக்கு உரமாக்குகின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனையவை தளரும். இதனையே சூழலியல் என்று இன்று பயில்கிறோம்.

இவ்வுறவை அறியாத அன்பு என்ன விளைவிக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகஞ்சுளிக்கும் பாறு, பெரும்பாலும் தானாக இறந்த விலங்கின் உடலையே உண்டு வாழும் பறவை. ஊருக்கு வெளியே கிடக்கும் மாட்டின் உடலைக் கூட்டமாக வந்து சில மணி நேரத்தில் தின்று தீர்த்து, அழுகலும் நோயும் பரவாமல் காக்கும். 1990களில் இந்தியாவெங்கும் இப்பறவைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் இனம், ஏறத்தாழ 15 ஆண்டுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் அழிந்தது. உண்ண வேண்டியவை மறைந்ததால் கிடந்து அழுகிய உடல்களைத் தெருநாய்கள் சூழ்ந்தன.

காரணம் 2004இல் வெளிப்பட்டது. நோயுற்ற மாடுகளுக்கு வலி தீரப் போடப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்தே அது. அம்மருந்து உடலில் தங்கியிருக்க மாடு இறந்தால், அதனை உண்ட பாற்றின் சிறுநீரகம் பழுதுற்று, சில நாட்களில் அது மடிந்தது.

இதனை ஆழ்ந்து எண்ணுங்கள். அம்மருந்தைக் கொடுத்தவர் கொடியவர் அல்லர். வாயில்லாச் சீவன் படும் துன்பத்தைக் காணப் பொறாதவர். கிழமாட்டையும் கொலைக்களத்துக்கு அனுப்பாமல் இறுதிவரை காத்தவர். அவருடைய அருளே வானத்துப் பறவைக்கு நஞ்சாயிற்று.

அவர் பாவம் செய்தவரா? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அசட்டையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்று வரையறுக்கிறது. கருணையால் செய்து, விளைவை அறிய வழியில்லாதிருந்தவரை அசட்டையுடையவர் என்று சொல்லுதல் தகாது. ஆனால் அறிந்த பின்னும் அதையே செய்வோமாயின் அது பிரமாதமேயாகும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளில் ஞானம் நடுவே நிற்பதன் காரணத்தை இங்கே உணரலாம். ஞானமின்றி ஒழுக்கம் நிறைவு பெறாது.

டைக்குளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான மருந்து மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், அதன் ஊசிக் குப்பியின் அளவும் 2015இல் சுருக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் என்பவை 2023இல் விலக்கப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மருந்து உண்டு. நம் மாநிலத்தில் நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகள் இன்னும் சிறகு விரிக்கின்றன.

இரவிசேனாசாரியரின் பத்மபுராணத்தில் வரும் சடாயுவை நினைவு கூருங்கள். முனிவர்களைக் கண்டு முற்பிறப்பை உணர்ந்து, இல்லறத்தார்க்குரிய விரதங்களை ஏற்ற கழுகு அது. நாம் அருவருக்கும் பறவையின் உடலிலும் விரதம் ஏற்க வல்ல ஆன்மா உறைகிறது என்று நம் முன்னோர் கண்டனர்.

நம்முள் பலர் உழவுக் குடியினர். வீட்டில் மாடு நோயுற்றால், கடையில் கேட்டு வாங்கி நாமே ஊசி போடாமல், கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் தருமாறு கேட்போம். வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் முன், அதனால் தேனீயும் மண்புழுவும் என்னாகும் என்று ஒரு நொடி நின்று எண்ணுவோம். பசுவிடம் காட்டும் அருள் பாற்றின் வாழ்வையும் கெடுக்காதிருக்க வேண்டும். அருள் அறிவோடு கூடும்போதே கொல்லாமை முழுமை பெறும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! அருகன் அறம் ஓங்குக!