மேலே வந்தவர்கள்

விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். போன தை மாதம் பார்க்கப் போயிருந்தேன். சுற்றிக் காட்டியவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓரளவு தமிழ் பேசினார். கிளம்பும்போது சும்மா இல்லாமல் கேட்டு வைத்தேன்: “இதுல இருந்தவங்கள்ல யாராவது பெரிய ஆளா மேலே வந்தாங்களா சார்?”

“எல்லாருமே மேலே வந்துட்டாங்க சார்” என்றார். அடுத்த கூட்டத்தைக் கூப்பிடப் போய்விட்டார்.

புழலுக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அந்த ‘மேலே’ இன்னும் தொண்டையில் நிற்கிறது. கிண்டலா? கேள்வி புரியவில்லையா? இல்லை, ரொம்பவே புரிந்துவிட்டதா?

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் உழைத்து, சூப்பர்வைசரோடு நின்றுபோனவன் நான். எனக்கு மேலே என்றால் ஒரு பொருள்தான். கல்யாண வீட்டில் எந்தப் பையனைப் பார்த்தாலும் “இப்ப என்ன போஸ்ட்?” என்றுதான் வாய் போகும்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். குர்சுராவோடு அதே வகையில் வந்த இன்னொரு கப்பல் கரஞ்ச். 1971 போரில் அதன் கேப்டன் விஜய் சிங் ஷெகாவத். வீர் சக்ரா வாங்கியவர். 1993 செப்டம்பரில் அட்மிரலாகிக் கடற்படைத் தளபதியாகவே உட்கார்ந்தார். நீர்மூழ்கியில் இருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். என் கேள்விக்குக் கிட்டத்தட்ட ஒரு பதில் இருந்திருக்கிறது. சுற்றிக் காட்டிய மனிதருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் சொல்லவில்லை.

சின்ன வயதில் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்காட்டுக் கிணறு ஒன்றில் மூச்சடக்கிப் போட்டி போடுவோம். பெரியப்பா மகன் அண்ணன்தான் எப்போதும் ஜெயிப்பான். மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் ஒரு தலை குறைந்தது. அண்ணன் பம்புசெட்டுக் குழாய்க்குப் பின்னால் ஏறி ஒளிந்திருந்தான். சிரித்துக்கொண்டே வந்தவனை ஆயா அறைந்த அறை இன்னும் கேட்கிறது. எம்டன் கப்பல் தண்ணிக்கு அடியிலேயே வந்து பட்டணத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது என்று கதை சொன்னவளும் இதே ஆயாதான். நானும் எங்கேயோ அப்படிப் படித்த ஞாபகம். உண்மையில் 1914 செப்டம்பர் 22 இரவு வந்தது ஒரு குரூசர் கப்பல். கடல்மேலேதான் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ஆயா இதை நம்பியிருக்க மாட்டாள்.

குர்சுராவில் போனவர்கள் 75 பேர். யாரோ ஒருவர் ஒரு வால்வைச் சரியாக மூடாவிட்டால் கேப்டனும் சேர்ந்துதான் மூழ்க வேண்டும். வந்தால் எல்லாரும், இல்லாவிட்டால் யாருமில்லை. அதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிலைக்கவில்லை. 2014 பிப்ரவரி 26 அன்று மும்பைக் கடலில் சிந்துரத்னா என்ற நீர்மூழ்கிக்குள் புகை சூழ்ந்தது. கப்பல் மேலே வந்தது; இரண்டு அதிகாரிகள் உயிரோடு வரவில்லை. அன்றைக்கே தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பதவியை விட்டார். அவர் நீர்மூழ்கிக்காரர் இல்லை. நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதில் தேர்ந்தவர். அந்தப் புகையை அவர் மூட்டவில்லை. தலை குறைந்ததற்கு ஆயா அண்ணனை அறைந்தாள். இவர் யாரை அறைந்தார்?

குர்சுராக்காரரிடம் கேட்டால் ஜோஷியை மேலே வந்தவர் என்பாரா, இறங்கியவர் என்பாரா? ஷெகாவத்தை எந்தக் கணக்கில் வைப்பார்? எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று அக்கா பேரன் வந்திருந்தான். எண்ணூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். வேறு ஏதாவது கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். “என்ன போஸ்ட்?” என்றே வந்தது.