தளர்வும் சோர்வும்

பொறுமை என்பது முயற்சியின் ஒரு வகையா, அன்றி முயற்சியைக் கைவிடுவதா? உடலைத் தளர்த்திக்கொள்ளப் பழகுவோர் நாளடைவில் கடமையிலும் தளர்ந்துவிட மாட்டாரா? முதியோர்க்கு ஏற்றதென்று நம் நாட்டிலும் பேசப்படும் ‘தாய் சி’ என்னும் சீனப் பயிற்சியைக் குறித்துச் சிந்திக்கும்போது இவ்வினாக்கள் எழுகின்றன.

சீனத்தின் ஹெனான் மாநிலத்துச் சென் சிற்றூரில் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்த கலை இது. 19ஆம் நூற்றாண்டில் யாங் லுச்சான் என்பார் இதனைப் பீகிங் நகருக்குக் கொண்டு சென்றார். 1956இல் பொதுமக்கள் எளிதில் பயிலும் பொருட்டு 24 நிலைகளாகச் சுருக்கப்பட்டது. 2020இல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இதன் ஆசான்கள் முதற்கண் வலியுறுத்தும் சொல் ‘ஸோங்’ என்பதாம். வேண்டாத இறுக்கத்தை விடுதல் என்பது அதன் பொருள். எனினும் முதுகு நிமிர்ந்தே இருக்கும். உடலின் பாரம் ஒரு காலில் நன்கு அமைந்த பின்னரே மறுகால் எழும். விரைபவர் நிலைகுலைவர்.

போர்க்கலையாகத் தோன்றிய ஒன்றைக் கொல்லாமை நெறியில் நிற்கும் சிராவகர் பயிலலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதம், அதாவது விழிப்பின்மை கலந்த செயலால் உயிருக்கு ஊறு செய்தலையே சுட்டுகின்றார். எனவே கையசைவை மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. பிறரை வீழ்த்தும் விருப்பத்தோடு பயில்வோர்க்கு அது வினையைச் சேர்க்கும். விழாமல் நடக்கவும் நெஞ்சு பதறாமல் இருக்கவும் பயில்வோர்க்கு அக்குற்றம் இல்லை.

இத்தகைய பயிற்சி நமக்கும் புதிதன்று. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவதான ஈரியா சமிதி, முன்னுள்ள நிலத்தை நுகத்தடி அளவு நோக்கி, சிற்றுயிர்க்கும் தீங்கு நேராவண்ணம் மெல்ல அடிவைக்கப் பணிக்கின்றது. ஆறு ஆவசியகங்களுள் ஒன்றான காயோத்சர்க்கம், கைகளைத் தொங்கவிட்டு நேர்நின்று உடற்பற்றை நீக்கச் சொல்கின்றது. குளத்தூர்ப் பகுதியில் வாழும் நாம் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தைக் கண்டிருப்போம். அங்குள்ள 17 கற்படுக்கைகளில் நம் முன்னோர் உடலைக் கிடத்தியது சுகம் நாடியன்று. கல்லின்மேலும் கலங்காதிருக்கப் பழகுவதற்கே.

எனினும் உடல் அசையாதிருப்பதே முடிவாகிவிடாது. சிரவணபெளகுளத்தில் கி.பி. 981ஆம் ஆண்டளவில் சாமுண்டராயர் எழுப்பிய ஏறத்தாழ 57 அடி உயரப் பாகுபலி திருவுருவைக் காண்போர், கொடிகள் படர்ந்த மேனியையும் இறுக்கமற்ற தோள்களையும் கண்டு வியப்பர். ஓராண்டுக் காலம் உணவின்றி அங்ஙனம் நின்றவருக்கும் தமையன் பரதனுக்குத் தம்மால் மனத்துன்பம் நேர்ந்ததே என்ற நினைவு உள்ளே தங்கியிருந்தது என ஆதிபுராணம் கூறும். பரதன் வந்து வணங்கி அந்நினைவு அகன்ற பின்னரே கேவலஞானம் தோன்றிற்று. உடலை ஓராண்டு அசையாது நிறுத்த வல்லவர்க்கும் உள்ளத்தின் ஒரு முடிச்சு தடையாக நின்றதெனின், எளியோராகிய நாம் பத்து நாளில் பயன் கேட்பது தகுமா?

எழுதப் பழகும் குழந்தைகளைப் பல்லாண்டுகள் கண்ட நாம் ஒன்றை அறிவோம். பலகைக்குச்சியை இறுகப் பற்றும் குழந்தையின் எழுத்துக் கோணும். பிடியை முற்றும் நெகிழ்த்தினாலோ குச்சியே விழுந்துவிடும். நல்லெழுத்து இவ்விரண்டுக்கும் நடுவில் பிறக்கின்றது. அந்நடுவைச் சொல்லால் ஊட்ட இயலாது. குழந்தையின் கையே அதனைக் கண்டுகொள்ளும் வரை ஆசிரியர் காத்திருத்தல் வேண்டும்.

தளர்வுக்கும் சோர்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சோர்வு என்பது பிரமாதம். கருமபந்தத்திற்குக் காரணமென நூல்கள் எண்ணும் ஐந்தனுள் ஒன்று. தளர்வில் விழிப்பு குறைவதில்லை. ‘இன்றே கைவரவேண்டும்’ என்னும் அவாவே குறைகின்றது. பயிற்சி முடிந்தபின் நம் காலடியில் ஊரும் எறும்பு நம் கண்ணுக்குப் படுகின்றதா? வீட்டிலுள்ளோர் தாமதித்தால் நம் சொல் கடுக்கின்றதா? இவ்விரண்டையும் நாள்தோறும் பிரதிக்கிரமண வேளையில் எண்ணிப் பார்ப்போமாயின், நாம் பெற்றது தளர்வா சோர்வா என்பது தெளிவாகும். பயில்வது தாய் சியாயினும் சாமாயிகமாயினும் அளவுகோல் இதுவேயாம்.