வழக்குக்கு முன் மனிதர்

ஊருக்கு நியாயம் கேட்கப் புறப்படுகிறவர், தம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்கும் நியாயமாக நடக்கிறாரா? அமெரிக்காவின் ‘ரோ எதிர் வேட்’ வழக்கு இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது.

1970ஆம் ஆண்டின் தொடக்கம். டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் ஒரு பீட்சா கடை. மேசையின் ஒருபுறம் நார்மா மெக்கார்வி: வயது 22, மூன்றாம் முறையாகக் கருவுற்றிருந்தார், கையில் காசில்லை. எதிரே சாரா வெடிங்டன், லிண்டா காஃபி என்ற இளம் வழக்கறிஞர்கள். தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதித்தது டெக்சாஸ் சட்டம். அதை எதிர்க்க, கருவுற்ற ஒரு வாதி அவர்களுக்குத் தேவைப்பட்டார். நார்மாவுக்கோ கருக்கலைப்பு தேவைப்பட்டது.

வெடிங்டன் 1967இல் எல்லை தாண்டி மெக்சிகோ சென்று கருக்கலைப்பு செய்துகொண்டவர். அதை 1992இல் வெளிவந்த தம் நூலில்தான் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தும் தம்மிடம் சொல்லவில்லையே என்று நார்மா பின்னாளில் மனம் கசந்தார். நார்மாவும் முழு உண்மை பேசவில்லை. வல்லுறவுக்கு ஆளானதாகத் தாம் சொன்னது பொய் என்று 1987இல் ஒப்புக்கொண்டார்.

‘ரோ’ என்ற புனைபெயரில் நார்மாவை வாதியாக்கி, வழக்கு மார்ச்சில் பதிவானது. ஜூனில் குழந்தை பிறந்தது, தத்துக் கொடுக்கப்பட்டது. 1973 ஜனவரி 22இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் பெண்களுக்குக் கருக்கலைப்பு உரிமை கிடைத்தது. வாதியோ அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் அறிந்துகொண்டார்.

அன்றே தீர்ப்பான ‘டோ எதிர் போல்டன்’ வழக்கின் வாதி, ஜார்ஜியாவின் சாண்ட்ரா கேனோ. மணவிலக்குக்கும் பிள்ளைகளைத் திரும்பப் பெறுவதற்கும் சட்ட உதவி தேடிப் போனதாகவும், கருக்கலைப்பைத் தாம் விரும்பவே இல்லை என்றும் அவர் பிற்பாடு சொன்னார். தங்கள் வழக்குகளில் வந்த தீர்ப்புகளை ரத்து செய்யக் கோரி நார்மா, கேனோ இருவருமே பின்னாளில் நீதிமன்றப் படியேறினார்கள்.

கருக்கலைப்பை எதிர்த்த அணியும் நார்மாவை மேடையேற்றியது. அதற்காகத் தமக்குப் பணம் தரப்பட்டதென்று அவர் சொன்னது, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2020இல், ஓர் ஆவணப்படத்தில் வெளிவந்தது. ஆக, இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது அவருடைய பெயர்தான்.

அந்த வழக்கறிஞர்களின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 26 வயதில் உச்ச நீதிமன்றத்தில் எழுந்து வாதாடியவர் வெடிங்டன். வாதி இல்லாமல் வழக்கில்லை என்பதும் உண்மை. அதனால்தான் கட்சிக்காரருக்குச் செய்ய வேண்டிய கடமை இன்னும் கனமாகிறது. ‘தீர்ப்பு வருவதற்குள் உங்களுக்குக் காலம் கடந்துவிடும், பலன் பிறருக்கே. சம்மதமா?’ என்று முகம் பார்த்துக் கேட்க வேண்டும். அவர் கையெழுத்திடும் பிரமாணப் பத்திரத்தை அவருக்குப் புரியும்படி படித்துக் காட்ட வேண்டும். தீர்ப்பு வந்ததும் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும்.

வழக்கறிஞருக்கு மட்டுமல்ல, பிறர் துயரைக் கையிலெடுத்துப் பொதுவில் பேசும் எல்லோருக்கும் இது பொருந்தும். துன்பப்பட்டவரின் சம்மதமும் தெளிவும் இல்லாமல் அவர் துன்பத்தைப் பயன்படுத்துவது, எவ்வளவு உயர்ந்த நோக்கத்துக்காக இருந்தாலும், அறமாகாது.